இரண்டு காசில் ஒன்று

ஜூன் 4

மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு,

இந்தக் கடிதத்தை உங்களை என்னவென்று அழைத்துத் தொடங்குவது என்று காலையிலிருந்து யோசித்தேன். மணமுறிவு ஆனபின் என் மகளுக்கும் உங்கள் மகனுக்கும் ‘முன்னாள்’ என்று ஓர் அடைமொழி கிடைத்துவிட்டது. நமக்கு எதுவும் கிடைக்கவில்லை. முன்னாள் சம்பந்தி என்று யாரும் யாரையும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. ஆகவே டாக்டர்.

கல்யாணத்தில் இரண்டு வீட்டுக்கும் இடையே கைமாறியவை எல்லாம் திரும்பி வந்துவிட்டன. நகைகள் வந்தன. பாத்திரங்கள் வந்தன. நாங்கள் கொடுக்காத ஓர் இஸ்திரிப் பெட்டியும் வந்தது. வராதது ஒன்றுதான். உங்கள் வீட்டு மரத்தட்டில் இருக்கும் என் காசுகள்.

நிச்சயதார்த்தப் பேச்சு நடந்த அன்று மற்றவர்கள் மண்டபம், சாப்பாடு என்று பேசிக்கொண்டிருக்க, நாம் இருவரும் மாடிப்படிக்குக் கீழே நின்று ரோம ஆளுநர் பிலாத்து அடித்த காசில் இருப்பது கோலா கரண்டியா என்று வாதாடிக்கொண்டிருந்தோம். வேதாகமத்தில் வரும் காசுகளாகத் தேடிச் சேர்க்கும் பைத்தியம் ஊருக்கு ஒன்று இருக்கலாம். இரண்டு பைத்தியங்கள் சம்பந்திகளாக அமைந்ததைக் கடவுளின் சித்தம் என்று எடுத்துக்கொண்டோம். பிள்ளைகள் மோதிரம் மாற்றிக்கொண்டார்கள். நாம் காசுகளை ஒரே தட்டில் சேர்த்தோம். இரண்டாவது ஏற்பாடுதான் நன்றாக நடந்தது என்பது என் கருத்து. அது இப்போது யாருக்கும் தேவையில்லை.

என்னுடையவை ஏழு. பிலாத்துவின் கோல் போட்டது, அகிரிப்பாவின் குடை போட்டது, ஏரோதின் மகன் அடித்த திராட்சைக் குலை, தீரு நகரத்து வெள்ளி ஒன்று, திபேரியு இராயன் தலை போட்ட வரிப்பணம், எழுத்து தேய்ந்த செம்பு ஒன்று. ஏழாவது, காணிக்கைப் பெட்டியில் ஏழை விதவை போட்ட இரண்டு காசு என்று நாம் ஜோடியாக வைத்தவற்றில் என் பங்கு.

மகள் சொல்லித்தான் எழுதுகிறேன். தொலைபேசியில் கேட்டிருக்கலாமே என்று நினைப்பீர்கள். என் கைப்பேசியில் உங்கள் எண்ணை அவள் அழித்துவிட்டு, வருகிற அழைப்பையும் தடுத்து வைத்திருக்கிறாள். அதை எடுத்துவிட எனக்குத் தெரியாது. கேட்டால் எதற்கு என்பாள்.

இப்படிக்கு,
எடை அளவு ஆய்வாளர் (ஓய்வு)


ஜூன் 11

ஆய்வாளர் அவர்களுக்கு,

பல்வலி இல்லாதவர் யாரும் என்னை டாக்டர் என்று அழைத்ததில்லை. நன்றி.

ஆறு காசுகளை இன்று பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். ஒவ்வொன்றையும் பஞ்சில் சுற்றியிருக்கிறேன். என்னிடம் மிச்சமிருப்பது பஞ்சுதான். இஸ்திரிப் பெட்டி என்னுடையது. என் சட்டையைப் பார்த்தால் தெரியும்.

ஏழாவதில் ஒரு சிக்கல். அந்த ஜோடி எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நினைவிருக்கும். இரண்டும் ஏரோதுக்கு முந்தைய யூத அரசன் ஒருவன் அடித்த சின்னச் செம்புக் காசுகள். ஒரு பக்கம் நங்கூரம், மறுபக்கம் எட்டுக் கதிர் நட்சத்திரம். விரல் நகத்தைவிடச் சற்றுப் பெரியவை. ஒன்றில் நங்கூரம் மேலே தெரியும்படியும் மற்றதில் நட்சத்திரம் மேலே தெரியும்படியும் தட்டில் வைத்திருந்தோம். போன மாதம் இரண்டையும் எடுத்துத் துடைத்தேன். திரும்ப வைத்தபோது எது எது என்று தெரியவில்லை. நங்கூரம் எல்லாக் காசிலும் இருக்கிறது. ‘இது ஆய்வாளருடையது’ என்று எதிலும் எழுதியிருக்கவில்லை.

நேரில் வந்து பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள். காபி தருகிறேன். மகன் வேறு ஊருக்குப் போய்விட்டான். வீட்டில் உங்களை முறைக்க ஆள் கிடையாது.

பல் டாக்டர்


ஜூன் 17

டாக்டர் அவர்களுக்கு,

ஆறும் வந்தன. எடை சரியாக இருக்கிறது.

நேரில் வருவது முடியாது. உங்கள் ஊருக்கு அரை நாள் ரயிலில் வரவேண்டும். ஒரு நாள் முழுவதும் எங்கே போயிருந்தேன் என்று மகளிடம் சொல்ல ஒரு பொய் வேண்டும். முப்பத்து நான்கு ஆண்டு அடுத்தவர் எடைக்கல்லைப் பிடித்த கைக்குப் பொய் சொல்ல வராது.

அதற்குத் தேவையும் இல்லை. கண்ணுக்குத் தெரியாததைத் தராசு சொல்லிவிடும். என் காசு 1.31 கிராம். உங்களுடையது 1.18. நாம் முதன்முதலில் இரண்டையும் சேர்த்து வைத்த அன்று நான்தான் நிறுத்தேன். உங்கள் காசு இளைத்திருக்கிறது என்று நான் சொன்னதற்கு நீங்கள் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. நிறுத்துப் பார்த்துக் கனமானதை அனுப்புங்கள்.

ஒரு சந்தேகம். ‘துடைத்தேன்’ என்று எழுதியிருக்கிறீர்கள். எதனால்?

ஆய்வாளர்


ஜூன் 25

ஆய்வாளர் அவர்களுக்கு,

நிறுத்தேன். ஒன்று 1.07. மற்றது 1.06. என் தராசு பொய் சொல்கிறது என்பீர்கள். தங்கப் பல் கட்டுவதற்காக வாங்கிய தராசு அது. அதில் முத்திரை குத்தியதே உங்கள் துறைதான்.

எதனால் என்று கேட்டீர்கள். பல்லில் காரை எடுக்கிற அதிர்வுக் கருவியால். தண்ணீர் பீய்ச்சிக்கொண்டே மெதுவாகத்தான் எடுத்தேன். நங்கூரத்தின் கொக்கிகள் வரை தெரிகின்றன. இரண்டும் புதுப் பல் மாதிரி இருக்கின்றன. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் ஆனது. சாப்பிட மறந்துவிட்டேன். சமீபத்தில் எனக்கு அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை அமைந்ததில்லை.

பல் டாக்டர்


ஜூலை 2

டாக்டர் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை நம்பவில்லை.

காசின்மேல் படிந்திருந்த பச்சைக் களிம்பு அழுக்கு அல்ல. செம்பும் மண்ணும் இரண்டாயிரம் ஆண்டு ஒன்றாகக் கிடந்து உண்டாக்கியது. காசு பழையது என்று சொல்ல அது ஒன்றுதான் சாட்சி. சாட்சியைச் சுரண்டி வாஷ்பேசினில் விட்டுவிட்டுப் புதுப் பல் மாதிரி இருக்கிறது என்கிறீர்கள். நேற்று வாங்கிய சட்டைப் பொத்தானும் அப்படித்தான் இருக்கும். அந்த விதவை அம்மாள் இப்போது வந்து பார்த்தால் இதைக் காணிக்கைப் பெட்டியில் போடக் கூசுவாள்.

உங்கள் வீட்டில் எதையும் இருக்கிறபடி இருக்க விடமாட்டீர்கள். என் மகள் உங்கள் வீட்டுக்கு வந்த முதல் நாள், சாப்பாட்டு மேசையில், ‘கீழ்ப்பல் ஒண்ணு சாஞ்சிருக்கும்மா, சரி பண்ணிடலாம்’ என்றீர்கள். நானும் அங்கே இருந்தேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டாள். பிரிந்து வந்த பிறகு காரணம் கேட்டேன். ஒரே ஒரு தடவைதான் பதில் சொன்னாள். ‘அந்த வீட்டுல எல்லாரும் என் வாயத்தான்ப்பா பாப்பாங்க. நான் பேசறத யாரும் கேக்க மாட்டாங்க.’

உங்களிடம் சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன். சொல்லிவிட்டேன்.

ஆய்வாளர்


ஜூலை 30

சம்பந்தி அவர்களுக்கு,

டாக்டர், ஆய்வாளர் எல்லாம் போதும். எழுதும்போது அரசாங்க அலுவலகத்தில் மனுக் கொடுப்பது போல் இருக்கிறது. யாராவது வந்து தடுக்கும்வரை இப்படியே அழைக்கிறேன்.

பதில் எழுதாததற்குக் கோபம்தான் காரணம் என்று நினைத்திருப்பீர்கள். முதலில் கோபம்தான். உங்கள் மகள் எதையும் நிறுத்துப் பார்க்கிற வீட்டில் வளர்ந்தவள், ஒரு சொல் கூடினாலும் குறைந்தாலும் மனதில் குறித்துக்கொள்வாள் என்றெல்லாம் நான்கு பக்கம் எழுதினேன். அனுப்பவில்லை. பிறகு ஒரு நாள் அவள் சொன்னதாக நீங்கள் எழுதியதை மகனுக்குத் தொலைபேசியில் படித்துக் காட்டினேன். ‘அவ சொன்னது சரிதான்ப்பா’ என்றான். பிறகு, என் ஈறு வீங்கியிருந்தது ஞாபகம் வந்து, ‘உங்க ஈறு இப்ப எப்படி இருக்கு?’ என்று கேட்டான்.

இரண்டு பேரும் நல்ல பிள்ளைகள். சண்டையே போடாத இரண்டு பேரை ஒரு வீட்டில் வைத்தால் என்ன ஆகும் என்று நாம் கேட்டுக்கொள்ளவில்லை. நமக்கு நேரமில்லை. நாம் மாடிப்படிக்குக் கீழே இருந்தோம்.

என் பல் மருத்துவமனையை விற்றபோது, நோயாளிகள் உட்காரும் நாற்காலியை மட்டும் யாரும் வாங்கவில்லை. வீட்டுக்கு எடுத்து வந்து கூடத்தில் போட்டிருக்கிறேன். சாய்ந்து படிக்க வசதியாக இருக்கிறது. தலைக்கு மேலே விளக்கும் இருக்கிறது. சாயங்காலம் அதில்தான் கிடக்கிறேன். சில சமயம் என்னையும் அறியாமல் வாயைத் திறந்து வைத்துக்கொண்டிருக்கிறேன். பார்க்க யாருமில்லை, பரவாயில்லை.

காசு விஷயம். எடை போய்விட்டது, அது என் தப்பு. ஆனால் உருவம் இருக்கிறது. இரண்டையும் பூதக்கண்ணாடியில் பார்த்து எழுதுகிறேன். இவை கையால் அடித்தவை. அடித்தவனுக்கு அவசரம். அச்சு நடுவில் விழவில்லை. முதல் காசில் நட்சத்திரம் ஓரமாக நகர்ந்து, ஒரு கதிர் விளிம்புக்கு வெளியே போய்விட்டது. ஏழுதான் தெரிகிறது. இரண்டாவதில் எட்டுக் கதிரும் இருக்கின்றன, ஆனால் மறுபக்கத்து நங்கூரம் நகர்ந்து ஒரு கொக்கியை இழந்திருக்கிறது. இப்போது சொல்லுங்கள். உங்களுடையது எது?

சம்பந்தி


ஆகஸ்ட் 6

சம்பந்தி அவர்களுக்கு,

நான்கு பக்கத்தை அனுப்பாததற்கு நன்றி. அனுப்பியிருந்தால் நிறுத்துப் பார்த்திருப்பேன்.

உங்கள் வர்ணனை தெளிவாக இருக்கிறது. ஆனால் முடிவு சொல்ல அது போதாது. நங்கூரத்தின் தலையில் ஒரு வளையம் இருக்கும். அது முழு வளையமா, உடைந்த வளையமா? கிரேக்க எழுத்துகளில் எத்தனை தெரிகின்றன? விளிம்பில் ஒரு வெட்டு இருந்ததாக ஞாபகம், அது எந்தக் காசில்? இவற்றை நிதானமாகப் பாருங்கள். ஒவ்வொன்றாகவே எழுதலாம். அவசரம் இல்லை.

இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. மகள் காலையில் வேலைக்குப் போனால் விளக்கு வைத்த பிறகுதான் வருகிறாள். என் அறை தெருவைப் பார்த்து இருக்கிறது. எதிர்வீட்டுக்காரர் கார் துடைப்பதைப் பார்க்கிறேன். அவர் அதை ஓட்டி நான் பார்த்ததில்லை. தராசு மேசைமேல் இருக்கிறது. உங்கள் ஆறு காசுகளையும் நிறுத்தாகிவிட்டது. மன்னிக்கவும், என் ஆறு காசுகள். இப்போது குளியல் சோப்பை நிறுக்கிறேன். நான் குளிக்காத நாட்கள் அதில் தெரிந்துவிடுகின்றன.

நேற்று சாப்பிடும்போது மகள் கேட்டாள். ‘அந்தக் காசு விஷயம் முடிஞ்சுதாப்பா?’

‘இல்லம்மா. எதுன்னு அடையாளம் தெரியல.’

‘ஒரு காசுக்கு இத்தன லெட்டரா?’

‘ரெண்டாயிரம் வருஷத்துக் காசும்மா. சட்டுன்னு முடிவு பண்ணக் கூடாது.’

என்னை ஒரு பார்வை பார்த்தாள். அவள் அம்மாவிடமிருந்து வந்த பார்வை அது. என் தராசுகளில் எதுவும் அவ்வளவு துல்லியம் கிடையாது.

சம்பந்தி


ஆகஸ்ட் 15

சம்பந்தி அவர்களுக்கு,

வளையத்தைப் பார்த்தேன். வானம் மூட்டமாக இருந்ததால் முழு வளையமா உடைந்ததா என்று சொல்ல முடியவில்லை. நாற்காலி விளக்கில் பார்க்கலாமே என்பீர்கள். இப்படிப்பட்ட காசுகளை வெயிலில்தான் பார்க்க வேண்டும் என்று எங்கோ படித்திருக்கிறேன். எங்கே என்று நினைவில்லை. வெயில் வந்ததும் பார்க்கிறேன். எழுத்துகளை அதற்கு அடுத்த வாரம் வைத்துக்கொள்ளலாம்.

நேற்று பழங்காசு வியாபாரி ஒருவரின் கடைக்குப் போனேன். வாங்க அல்ல, யாரிடமாவது பேச. கண்ணாடிப் பெட்டியில் நம்முடையது போன்ற செம்புக் காசுகள் ஒரு கிண்ணம் நிறைய இருந்தன. எல்லாவற்றுக்கும் விதவையின் காசு என்று சீட்டு. நான் கேட்டேன்: ‘ஏங்க, அந்தம்மா போட்டது ரெண்டுதானே?’ அவர் யோசித்துப் பார்த்துச் சொன்னார்: ‘அவங்க தினம் போட்டிருப்பாங்க சார்.’ இவர்கள் கணக்குப்படி அந்த அம்மாள் தள்ளுவண்டியில் கொண்டுவந்து கொட்டியிருக்க வேண்டும். இதை உடனே உங்களிடம் சொல்ல வேண்டும் போல் இருந்தது. வீட்டுக்கு வந்து தொலைபேசியை எடுத்த பிறகுதான் தடை ஞாபகம் வந்தது. எடுத்தது எடுத்தாகிவிட்டது என்று நேரம் சொல்லும் எண்ணுக்குப் போட்டேன். அந்தப் பெண் நேரம் சொன்னாள்.

சம்பந்தி


ஆகஸ்ட் 23

சம்பந்தி அவர்களுக்கு,

தள்ளுவண்டி வரியைப் படித்துச் சத்தமாகச் சிரித்துவிட்டேன். எதிர்வீட்டுக்காரர் காரை விட்டு நிமிர்ந்து பார்த்தார்.

மூட்டம் விலகும்வரை காத்திருக்கலாம். இங்கும் மூட்டம்தான்.

சம்பந்தி


அக்டோபர் 12

சம்பந்தி அவர்களுக்கு,

வளையம், எழுத்து, விளிம்பு வெட்டு, அச்சின் சாய்வு என்று நீங்கள் இத்தனை வாரமாக அனுப்பிய ஆராய்ச்சிக் குறிப்புகள் எல்லாம் இங்கே பத்திரமாக இருக்கின்றன. ஒரு காசைப் பற்றி இவ்வளவு எழுதி ஒன்றும் சொல்லாமல் இருப்பது எளிதல்ல. பல்கலைக்கழகத்தில் உங்களுக்கு இடம் கிடைத்திருக்கும்.

ஒரு செய்தி. மகளுக்கு வேறொரு சம்பந்தம் கூடிவந்திருக்கிறது. அவள் அலுவலகத்திலேயே இருப்பவர். அவருக்கும் இது இரண்டாவது. அவர் பேசுகிறார், இவளும் பேசுகிறாள். சில நாட்களில் சண்டைகூடப் போடுகிறார்கள். சமையலறையிலிருந்து அந்தச் சத்தம் வரும்போது எனக்கு நிம்மதியாக இருக்கிறது. இதை உங்களிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் சென்ற இரண்டு கடிதங்களில் சொல்லாமல் விட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பையனின் அப்பா வந்திருந்தார். குளிர்சாதனப் பெட்டி வியாபாரம். தங்கமான மனிதர். அதில் சந்தேகமே இல்லை. எனக்குப் பழங்காசில் பிரியம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். வெல்வெட் பெட்டி ஒன்றை என் மடியில் வைத்து, ‘யூதாஸ் வாங்கின முப்பது வெள்ளிக்காசு, சம்பந்தி. ஒண்ணுகூடக் கொறையாது, எண்ணிப் பாருங்க’ என்றார். எண்ணவில்லை. பார்த்தேன். சுற்றுலாக் கடையில் விற்கிற வார்ப்பு. முப்பதும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். முப்பது தலைக்கும் மூக்கில் ஒரே இடத்தில் ஒரே கீறல், விளிம்பைச் சுற்றி இரண்டு அச்சும் ஒட்டிய கோடு. இயேசுவைக் காட்டிக்கொடுக்க இதைக் கொடுத்திருந்தால் யூதாஸ் வாங்கியிருக்க மாட்டான். வேதம் வேறு மாதிரி முடிந்திருக்கும்.

எல்லோரும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மகளும் பார்த்தாள். ‘ரொம்ப அபூர்வமான பொருள், சம்பந்தி’ என்றேன். முப்பத்து நான்கு ஆண்டுச் சேவையில் நான் குத்திய முதல் பொய் முத்திரை. அவருக்கு அவ்வளவு சந்தோஷம். பிறகு சர்க்கரை நோயைப் பற்றி நெடுநேரம் பேசினார். நான் நிமிர்ந்து நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். யாரைத் தேடுகிறேன் என்று எனக்கே பிறகுதான் தெரிந்தது. அந்தக் கீறலைக் காட்ட அந்த அறையில் எனக்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது.

அவர்கள் போனபின் மகள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ‘அப்பா, கல்யாணத்துக்கு முன்னாடி அந்த வீட்டு விஷயம் எல்லாம் முடிஞ்சிருக்கணும்ப்பா. ஒரு லெட்டர்கூட வரக் கூடாது. அவர் கேட்டா நான் என்ன சொல்லுவேன்?’ அவள் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். அவள் கெஞ்சினாள். ஒரு முறை பாதியில் நின்ற பெண். இந்த முறை வாசலில் எதுவும் தடுக்கிவிடக் கூடாது என்று பார்க்கிறாள். அவள் கேட்பதில் தப்பில்லை.

ஆகவே சொல்லிவிடுகிறேன். கதிர் ஒன்று வெளியே போன காசுதான் என்னுடையது. ஏழு கதிர். அதை அனுப்பிவிடுங்கள்.

சம்பந்தி


அக்டோபர் 20

சம்பந்தி அவர்களுக்கு,

மகளுக்கு என் ஆசீர்வாதம். அதை அவளிடம் சொல்ல வேண்டாம். பல் சாய்ந்திருந்தது என்று நான் சொன்னேன் அல்லவா, அது அழகான சாய்வு. அதையும் சொல்ல வேண்டாம்.

புதுச் சம்பந்தியின் முப்பது காசைப் படித்து நானும் சிரித்தேன். நாற்காலியில் மல்லாந்து கிடந்து சிரித்ததில் புரையேறி, எழுந்து தண்ணீர் குடித்தேன். சிரிப்பு நின்றபின் அவர்மேல் கொஞ்சம் பொறாமை வந்தது. அவருக்குக் காசைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் உங்கள் வீட்டு மணியை அடிக்கலாம். அவரிடம் கனிவாக இருங்கள். நீங்கள் சிடுசிடுப்பவர் என்பது பழகினால்தான் தெரியும், பழகுவதற்குள் அவர் பயந்துவிடக் கூடாது.

மகனுக்குச் செய்தியைச் சொன்னேன். ‘நல்லதுப்பா’ என்றான். கொஞ்சம் பொறுத்து, ‘நெஜமாவே நல்லதுதான்ப்பா’ என்றான். இரண்டு வாக்கியம் பேசினான். முன்னேறுகிறான்.

வெயில் அடிக்கிறது. காசு இத்துடன் வருகிறது. நீங்கள் சொன்னபடி பார்த்துத்தான் வைத்திருக்கிறேன். பிரித்து நன்றாகப் பாருங்கள். ஏதாவது தவறு இருந்தால் உடனே எழுதுங்கள்.

சம்பந்தி


நவம்பர் 2

சம்பந்தி அவர்களுக்கு,

பொட்டலம் வந்த நேரத்தில் மகள் வீட்டில் இருந்தாள். அவளே வாங்கி, அவளே பிரித்தாள். இத்தனை வருடத்தில் என் காசு ஒன்றை அவள் கையில் எடுத்துப் பார்த்தது அதுதான் முதல் முறை. உள்ளங்கையில் வைத்து ஜன்னலுக்குப் போனாள்.

‘இதுக்குத்தானாப்பா இவ்வளவும்?’

‘ஆமாம்மா.’

‘இத்துனூண்டு இருக்கு.’

‘அதனாலதான் அத வேதத்துல எழுதி வெச்சாங்க.’

‘இதுதான் உங்களோடதா? நல்லாப் பாத்துச் சொல்லுங்க. அப்பறம் மாத்தணும், திருப்பி அனுப்பணும்னு வரக் கூடாது.’

வாங்கிப் பார்த்தேன். எட்டுக் கதிரும் இருந்தன. திருப்பிப் பார்த்தேன். நங்கூரத்தில் ஒரு கொக்கி இல்லை. நாற்பது ஆண்டில் ஒரு முறைகூடத் தவறான பல்லைப் பிடுங்கியதில்லை என்று பெருமை பேசுகிறவர் நீங்கள். தவறான காசை எடுத்துப் பஞ்சில் சுற்றி, பார்த்துத்தான் வைத்தேன் என்றும் எழுதி, தவறு இருந்தால் உடனே எழுதுங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள்.

எனக்குப் புரிந்தது. தவறான காசு என்று இங்கிருந்து ஒரு பதில் போகும். இந்தக் காசு அங்கே திரும்பி வரும். சரியான காசு இங்கே வரும். அதற்குள் குளிர்காலம் வந்துவிடும், மூட்டமும் வந்துவிடும். நானே யோசித்திருந்தால் இவ்வளவு நன்றாக யோசித்திருக்க மாட்டேன்.

காசு சேர்க்கிற எவனும் தன் காசை மறக்க மாட்டான். எது உங்களுடையது என்று உங்களுக்கு ஜூன் மாதமே தெரியும். எடையைக் கேட்டு எழுதியபோதே எது என்னுடையது என்று எனக்கும் தெரியும். நாம் இருவரும் ஒரு நல்ல ஆராய்ச்சியை நடத்தினோம்.

மகள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. மருத்துவர் வாயைத் திறந்து ஏதாவது சொல்லமாட்டாரா என்று நோயாளியின் வீட்டார் நிற்பார்களே, அப்படி நின்றாள். உங்களுக்கு அந்த முகம் தெரியும்.

‘இதுதாம்மா’ என்றேன்.

‘நிச்சயமா?’

‘நிச்சயமா. எல்லாம் சரியா வந்துருச்சு.’

அவள் என் தோளில் கை வைத்தாள். ‘ரெண்டு காசுன்னு சொல்வீங்களே. இன்னொண்ணு அவர்கிட்டயே இருக்காப்பா?’ என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அவர் தனியாகத்தான் இருக்கிறாரா என்று கேட்டாள். அதற்கும் ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் எதிர்வீட்டுக் காரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, ‘கடைசியா ஒண்ணு எழுதிடுங்க. வந்து சேந்துருச்சுன்னு அவருக்குத் தெரியணும்ல’ என்று சொல்லிவிட்டு, தபால் தலையையும் அவளே எடுத்துக் கொடுத்தாள். அவளால் முடிந்தது அவ்வளவு. அதற்கு மேல் கேட்க எனக்கு மனம் வரவில்லை.

ஆகவே உங்கள் காசை என்னுடையது என்று ஒப்புக்கொண்டு பெற்றுக்கொண்டேன். உங்களிடம் இருப்பதை நீங்கள் உங்களுடையது என்று வைத்துக்கொள்ளுங்கள். எப்போதாவது நிறுத்துப் பாருங்கள். துடைக்க வேண்டாம். செம்பு தானே மெல்லக் கறுக்கும். நாற்காலியில் படுத்துக்கொண்டே தூங்கிவிடாதீர்கள், கழுத்து பிடித்துக்கொள்ளும். ஈறு எப்படி இருக்கிறது என்று நானும் கேட்டதாக வைத்துக்கொள்ளுங்கள்.

சம்பந்தி

பின்குறிப்பு: கல்யாணம் முடிந்ததும் நாங்கள் மூவரும் வேறு வீட்டுக்குப் போகிறோம். முகவரியை இதில் எழுதவில்லை. எழுதினால் நீங்கள் சரியான காசை அனுப்பிவிடுவீர்கள்.